எட்டு எம்பி மெமரியும் நீ அடித்த பெயரும்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உன் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போட்டோம். நான் பெயர்களைச் சொன்னேன், நீ எழுதினாய், அம்மா நடுவில் புகுந்து விட்டுப்போன சொந்தங்களை நினைவூட்டினாள். கதிரேசன் என்று நான் சொன்னதும் எழுதிய கையோடு நிமிர்ந்து பார்த்தாய். "எந்தக் கதிரேசன்? ஆயர் ஈத்தாமுல கம்ப்யூட்டர் கட வச்சிருந்தாரே, அவரா? என்னாப்பா நீங்க, திருட்டுப் பயலயெல்லாம் கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்களா லா?" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெயரின் மேல் இரண்டு கோடு இழுத்தாய். அம்மாவும் சிரித்தாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அன்று மாலை நீ கோலாலம்பூர் பஸ் ஏறிப் போன பிறகும் அந்த இரண்டு கோடு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா, அங்கே மழையா என்பதற்கு மேல் வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் மனசில் இருப்பதில் பாதிதான் பேச்சாக வெளியே வரும். மீதியைப் பேசாமல் காரியமாகச் செய்துவிடுவேன். நான் உனக்குச் செய்த கெடுதல் எல்லாம் அந்த மீதிப் பாதியில் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன், சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரேசன் எதையும் திருடவில்லை. உன் கம்ப்யூட்டரிலிருந்து அந்த மெமரியைக் கழற்றியது நான்தான். இதைப் படித்ததும் உனக்குக் கடிதத்தைத் தூக்கி எறியத் தோன்றும். எறிந்துகொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டு எறி.

அது தொண்ணூற்று நாலு. நீ பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்தில் இருந்தாய். அந்த வருடம் பிறந்ததிலிருந்தே வீட்டில் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று ஒரே ஜபம். படிப்புக்கு என்று அம்மாவிடம் சொன்னாய், விளையாடத்தான் என்று என்னிடம் ஒத்துக்கொண்டாய். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் சரி என்றேன். கம்பெனியில் போனஸ் கொடுத்த வாரம், சனிக்கிழமை காலையில், நம் பிளாட்டிலிருந்து இரண்டு பேரும் நடந்தே கதிரேசன் கடைக்குப் போனோம். காய்கறியும் மீனும் விற்கிற பாசாருக்கு எதிரே, கோப்பிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கடை. வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். அவ்வளவு பேச்சை நான் உன்னிடம் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை.

கதிரேசனை உனக்குக் கடைக்காரராகத்தான் தெரியும். அவர் பாயான் லெப்பாஸ் கம்பெனியில் என்னோடு ஒரே பிரிவில் பதினோரு வருடம் வேலை செய்தவர். எங்கள் வேலையே மெமரி சிப்புகளைச் சோதித்துப் பிரிப்பதுதான். வெள்ளை கவுன், தலைக்குத் தொப்பி, உடம்பில் இருக்கிற மின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு பட்டை, அந்தப் பட்டையிலிருந்து மேசைக்கு ஒரு வயர். கட்டிப் போட்ட மாடுகள் போல இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்போம். சிப் சின்னப் பொருள், காலுறைக்குள்கூட ஒளித்துக்கொண்டு போகலாம் என்பதால் வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்ப்பார். கதிரேசன் அவர் கேட்பதற்கு முன்பே சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு நிற்பார். "பாவம் அந்த ஆளு, நம்மளால அவருக்கு எதுக்குண்ணே சுசா, தொந்தரவு" என்பார். அப்படிப்பட்ட மனிதர் வேலையை விட்டுக் கடை போட்டபோது எங்கள் பிரிவில் எல்லோரும் கை கொடுத்து அனுப்பினோம்.

அன்று கடையில் எல்லாம் சுலபமாக முடிந்தது, மெமரியைத் தவிர. பெட்டி, திரை, விசைப்பலகை, வட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டேன். மெமரி எவ்வளவு என்று கதிரேசன் கேட்டதும் நீ "பதினாறு எம்பி" என்றாய், நான் "நாலு" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் கதிரேசன் சிரித்துவிட்டார். "வெளையாட்டுக்கு எதுக்குடா பதினாறு? எங்க ஆபீசுல கெராணிக்கே நாலுதான் இருக்கு" என்று நான் சொன்னேன். "கெராணி டைப்புதானப்பா அடிக்கிறாரு. புது கேமெல்லாம் நாலுல தொறக்கவே தொறக்காது" என்று நீ பதில் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. வாழ்நாளில் பாதியை மெமரியோடு கழித்தவன் நான், எனக்கே நீ வகுப்பு எடுக்கிறாயா என்று நினைத்தேன். உண்மையில் சிப் சூட்டில் தாங்குமா, தாங்காதா என்பதுதான் எனக்குத் தெரியும். அது வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போய் என்ன செய்கிறது என்று நான் யாரையும் கேட்டதே இல்லை.

கதிரேசன்தான் நடுவில் வந்தார். "அண்ணே, கீழ ரொட்டி சானாய் போடறாரே, அவரு கல்லப் பாத்திருக்கீங்கல்ல? மாவு மூட்ட மூட்டயா வச்சிருந்தாலும் கல்லு சின்னதா இருந்தா ரெண்டு ரெண்டாத்தான் போட முடியும். மெமரி அந்தக் கல்லு மாதிரி. நாலு எம்பி போட்டா தம்பி பசியோட காத்துக்கிட்டு நிக்கணும். பதினாறு இப்ப வேணாம், வெல எகிறிக் கெடக்கு. எட்டு போடுவோம். நாலு எம்பி ஸ்டிக் ரெண்டு. பின்னால வேணும்னா பாத்துக்கலாம்" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் "சரி, எட்டு" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எட்டு என்றது, மனசு நாலிலேயே நின்றுவிட்டது. உன் முன்னால், பழைய கூட்டாளி முன்னால் என் பேச்சு எடுபடவில்லையே என்று வீட்டுக்கு வரும் வரை புழுங்கினேன். அப்பாக்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. நீயும் ஒரு நாள் அப்பாவாவாய், அதனால் எழுதி வைக்கிறேன்.

பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். விசையை அழுத்தியதும் கறுப்புத் திரையில் மெமரியை எண்ணிக்கொண்டே எண்கள் ஏறும், எட்டாயிரத்தைத் தாண்டி நிற்கும், அப்போது ஒரு சத்தம் வரும். நீ அதைத் தினமும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்ப்பாய். பள்ளிக்கூடம் விட்டதும் உன் கூட்டாளிகள் ஐந்து பேரும் வந்துவிடுவார்கள். ஒரு நாற்காலியில் மூன்று பேர், கட்டிலில் மூன்று பேர். அம்மா எல்லோருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள். அதெல்லாம் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளியில் வைத்த முன்தேர்வில் இரண்டு பாடத்தில் நீ விழுந்தாய். அந்த மதிப்பெண் தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனால் நீயும் பாயான் லெப்பாஸ் பஸ்ஸில் ஏறி, வெள்ளை கவுன் போட்டு, எனக்குப் பக்கத்து மேசையில் வந்து உட்காருவாய் என்று பயந்தேன். அந்தப் பயத்தை அப்படியே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய், நீ கல் மனசுக்காரன் இல்லை. நான் சொன்னதோ "எந்நேரமும் இந்தச் சனியன் முன்னாடிதானா" என்பது மட்டும்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. கம்ப்யூட்டரில் பாட்டுச் சத்தம் வரவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதிரேசன் கடைக்குப் போனாய். இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்தார். அதற்கு மறுநாள் காலை, நான் நைட் ஷிஃப்டு முடிந்து வீட்டுக்கு வந்திருந்தேன். நீ பள்ளியில், அம்மா பாசாரில். குளியலறைக் குழாயைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு, உன் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினேன். இரண்டு பக்கக் கொக்கிகளையும் ஒரே நேரத்தில் விரலால் விலக்கி, ஒரு ஸ்டிக்கை மட்டும் எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் அதைச் சுற்றி, வாசலோரம் செருப்புகளோடு கிடந்த என் பழைய சப்பாத்துக்குள் வைத்தேன். எட்டு நாலாகிவிட்டது. விளையாட்டு திறக்காது, கூட்டாளிகள் வரமாட்டார்கள், நீ படிப்பாய், தேர்வு முடிந்ததும் பழையபடி மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கடையிலிருந்து வந்த மறுநாளே அதைச் செய்தது தற்செயல் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கழற்றி மாட்டியதில் ஏதோ கெட்டுவிட்டது என்று நீ நினைப்பாய், பழி வீட்டுக்குள் வராது என்று தெரிந்துதான் அந்த நாளை எடுத்தேன். கதிரேசனைத் திருடன் என்பார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை. அந்த அளவுக்கு யோசிக்கவே இல்லை.

நீ எண்கள் நாலாயிரத்தில் நிற்பதைப் பார்த்தாய். என்னைக் கேட்கவும் இல்லை. மறுநாள் பள்ளி விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு பேருமாகக் கடைக்குப் போய்விட்டீர்கள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து, நடந்ததை வாசலிலேயே நின்று சொன்னாய். கடையில் ஆட்கள் இருக்கும்போதே "எங்க ஸ்டிக்க என்னா பண்ணீங்க?" என்று கத்தியிருக்கிறீர்கள். கதிரேசன் பெட்டியைத் திறந்து பார்த்தார், கொக்கிகளைக் குனிந்து பார்த்தார், பிறகு உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அத ஏன்பா கேக்கறீங்க, பேச்ச மாத்தப் பாக்கறாரு. 'அப்பாவுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்டு தம்பி'ன்னாரு. நைட்டுன்னேன். ஒடனே உள்ள போயி அவரு கடையிலேர்ந்தே ஒரு ஸ்டிக்கு கொண்டாந்து மாட்டிக் குடுத்துட்டாரு. தப்பு செய்யாதவரு எதுக்கு சும்மா குடுக்கணும்?" என்று என்னைக் கேட்டாய்.

அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. நைட் ஷிஃப்டு என்றால் பகலில் நான் வீட்டில் தனியாக இருக்கிறேன். கீறல் இல்லாமல் கழற்றிய கொக்கியைப் பார்த்ததுமே அது எங்கள் பிரிவில் பழகின கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, தன் சரக்கை எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டார். நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நீ என் எதிரே நின்றாய், சப்பாத்து மாட்டுகிற இடத்தில்தான் அந்த ஸ்டிக்கும் இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்து மறுபடியும் "எதுக்குக் குடுக்கணும்?" என்றாய். நான் "அதானே" என்றேன். உனக்குக்கூட அது நினைவிருக்காது. எனக்கு அந்த ஒரு சொல் ஐந்து வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. அப்பாவும் ஒத்துக்கொண்டார் என்ற தைரியத்தில்தானே நீ அதைப் பள்ளி முழுக்கச் சொன்னாய்?

கம்பெனியில் திருடிப் பழகின ஆள், கடையிலும் கைவரிசையைக் காட்டிவிட்டார் என்று நீங்கள் ஆறு பேரும் பரப்பிய கதை பாசார் வரைக்கும் வந்தது. ஆயர் ஈத்தாம் என்ன பெரிய ஊரா? கம்ப்யூட்டர் வாங்குகிற வீடுகளே அப்போது கொஞ்சம். பிள்ளைகள் வேண்டாம் என்றால் அப்பாக்கள் ஏன் படியேறப் போகிறார்கள்? சம்பளத்துக்கு வாழ்ந்த நாங்கள் எல்லோருமே வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு வந்தவர்கள்தான், அதனால் அந்தக் கதையை நம்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. கம்பெனியிலும் இரண்டொருவர் "அப்பவே நெனச்சேன்" என்றார்கள். நான் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் அவர் கடைக்கு எதிரேதான் நிற்கும், நான் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் ஏற ஆரம்பித்தேன். அந்த ஸ்டிக்கை ஒரு நாள் காலை ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று தண்ணீரில் போட்டேன். அடுத்த சீனப் பெருநாளுக்கு முன்பே கதிரேசன் கடையைக் காலி செய்துவிட்டு கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

நீ தேர்வில் நன்றாகச் செய்தாய். பல்கலைக்கழகம் கிடைத்தது. எட்டு எம்பியோடுதான் செய்தாய், அவர் கொடுத்த ஸ்டிக்கோடு. அப்படியானால் நான் எடுத்ததால் ஒரு பயனும் இல்லை, எடுக்காமல் இருந்தாலும் நீ தேறியிருப்பாய். ஆனாலும் உன் பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்டியபோது, எல்லாம் இவன் நன்மைக்குத்தானே செய்தேன் என்று எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன். எங்கள் பிரிவில் ஒரு சிப் சோதனையில் தோற்றால் உடனே கழித்துவிட மாட்டோம். இயந்திரத்தின் ஊசி சரியாகப் பதியாமல் இருந்திருக்கலாம் என்று இன்னொரு முறை வைப்போம். அப்போதும் தோற்றால் வேறு இயந்திரத்தில் வைத்துப் பார்ப்போம். விரல் நகம் அளவு சாமானுக்கு அவ்வளவு நியாயம் காட்டத் தெரிந்த நான், பக்கத்து மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்த மனிதரை ஒரு முறைகூட சோதிக்காமல் கழித்துவிட்டேன். அவர் நல்லவர் என்று தெரிந்தே கழித்தேன்.

நீ பட்டியலில் கோடு இழுத்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து கெப்பாலா பத்தாஸ் போனேன். அரசாங்க அலுவலகங்களுக்கு எதிரே ஒரு சின்ன இடம். போட்டோஸ்டேட் எடுக்கிறார், வருகிறவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறார், மூலையில் பிரித்துப் போட்ட இரண்டு கம்ப்யூட்டர். முடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே, ஒக்காருங்க. தம்பி நல்லாருக்கானா?" என்று கேட்டார். அவர் முதலில் விசாரித்தது உன்னைத்தான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்ணே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெரிஞ்சும் ஏன்யா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன். பாரம் எழுத வந்த ஒரு மலாய்க்காரப் பெரியவரை அனுப்பிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "அந்தப் பயலுக்குக் கடக்காரன் மேல கோவம் வந்தா வேற கடைக்குப் போயிடுவான். அப்பா மேல வந்தா எங்கண்ணே போவான்? பரிட்ச வேற இருந்திச்சி. நீங்களே ரெண்டு நாள்ல சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

ரெண்டு நாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த இரண்டு நாள் கணக்கில்தான் கத்தலையும் வாங்கிக்கொண்டு, தன் ஸ்டிக்கையும் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு வாரம் ஆகி, மாதம் ஆகி, அவர் சொன்னாலும் யாரும் நம்பாத நிலை வந்துவிட்டது. அவர் முதலில் காட்டிய நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அவர் மனைவி பார்வதியை உனக்குத் தெரியும், கடையில் ரசீது எழுதிக்கொண்டு இருப்பாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள், போகாமல் அங்கேயே நின்றாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து, "அண்ணே, நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. அன்னிக்கு இவரு ஏதோ புத்தி கெட்டுப் போயி ஒங்க மகன் சாமான எடுத்துட்டாரு. கடையில கஷ்டம் அப்ப. எங்கள மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள்.

மகனே, நான் கதிரேசனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாமல் நம் வீட்டு வாசலுக்கு வந்து கத்திவிடுவாள், உன் காதில் விழுந்துவிடும் என்று பயந்திருக்கிறார். ஐந்து வருடமாக ஒரே வீட்டில் அவருக்குச் சோறு போடுகிறவள், இவர் திருடினார் என்றும் கஷ்டத்தில் செய்துவிட்டார் என்றும் நம்பி, அவரை மன்னித்து வாழ்ந்திருக்கிறாள். அவர் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். "வேணாம்ணே" என்பது போல அவர் எனக்குத் தலையை அசைத்தார். நான் கேட்கவில்லை. எழுந்து நின்று, அவர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று பார்வதியிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மனசில் இருந்தது முழுவதும் பேச்சாக வந்தது.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அவரிடம் திரும்பி, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "எனக்குத் தெரிஞ்சி என்னாண்ணே ஆவப்போவுது? அன்னிக்கு ஆறு பேரு வந்து நின்னு கத்தனாங்க. ஊரு பூரா அவங்கதான் சொன்னாங்க. இதயும் அவங்களே வந்து கேட்டுட்டுப் போயி சொல்லட்டும்" என்றாள். நான் கல்யாணம் என்று வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்பறம் பாப்போம்ணே" என்று உள்ளே போய்விட்டாள். கோப்பி அப்படியே ஆறிப் போயிருந்தது, நான் அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் வியாழக்கிழமை சொன்னேன். இரண்டு நாளாகத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள், பேச்சு இல்லை. இன்று காலை மட்டும் "பையனுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "முழுசா எழுதுங்க" என்றாள்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு அந்தத் தகுதி குறைவு, என் தப்பிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். உன் வீட்டில் யாருக்கு எது எவ்வளவு போதும் என்று நீ தீர்மானிக்க வேண்டிய நேரங்கள் வரும். பெண்டாட்டிக்கு, பிள்ளைக்கு, எனக்கும்கூட. நாலு போதும் என்று தோன்றினால் முகத்துக்கு நேரே நாலு என்று சொல், சண்டை வந்தால் வரட்டும், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. எட்டு என்று ஒத்துக்கொண்டால் மனசோடு ஒத்துக்கொள். ஒத்துக்கொண்டதைப் பின்வழியாகப் போய் உருவாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடமும் ஒரு மனிதரின் பெயரும் செலவாகிவிட்டது.

இந்தக் கடிதத்தோடு ஐந்து போட்டோஸ்டேட் பிரதி வைத்திருக்கிறேன். உன் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் ஒவ்வொன்று கொடு. அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும், பாசாரில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம். பிறகு ஒரு நாள் ஆறு பேரும் சேர்ந்து கெப்பாலா பத்தாஸுக்கு வாருங்கள், நானும் வருகிறேன். என்னோடு ஒரே பஸ்ஸில் வர உனக்குப் பிடிக்காவிட்டால் நான் முன்னாலேயே போய் அங்கே நிற்கிறேன். பார்வதி முன்னால், அவர் முன்னால், நீங்கள் ஆறு பேரும் கேட்க நான் மறுபடியும் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகு நீ வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழை. அவர்கள் வருவார்களா என்று எனக்குத் தெரியாது. வராமல் இருக்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது உன் இஷ்டம், அவசரமும் இல்லை. ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கதிரேசனும் பார்வதியும் வந்து மண்டபத்தில் உட்கார்ந்த பிறகுதான் நான் மேடை ஏறுவேன். அவர்கள் வராவிட்டால் உன் பெரியப்பா என் இடத்தில் நிற்கட்டும், நான் கீழே ஆட்களோடு ஆளாக நின்று உங்கள் இரண்டு பேருக்கும் அட்சதை போடுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா ஏன் கீழே நிற்கிறார் என்று யாராவது உன்னைக் கேட்பார்கள். மறைக்காமல் சொல்.

அப்பா